திரும்பும்பொழுது எழும் ஓசை: காரின் முன்சக்கரங்கள் கூறும் செய்தி

(கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்களுக்காகத் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள், காரைத் திருப்பும்பொழுது முன்சக்கரங்களின் பக்கத்திலிருந்து எழும் 'டொக் டொக்' என்னும் ஓசையைப் பற்றியது. காரைப் பற்றிப் பேசுவது பட்டறைக்காரரின் வேலையன்றோ, தகவல் அதிகாரிக்கு இதில் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். காரைப் பழுது பார்ப்பது பட்டறைக்காரரின் வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் காருக்குள் அமர்ந்து செல்வது உங்கள் குடும்பம். பட்டறையில் கொடுக்கப்படுவது உங்கள் உழைப்பின் ஊதியம். ஆகவே இதனை நீங்கள் அறிந்திருப்பது நலம்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் துரையின் பங்களாவிலும், பெரிய கிராணியார் வீட்டிலும் மட்டுமே காணப்படும். பாட்டாளி மக்களுக்குச் சைக்கிளும் தோட்டத்து லாரியுமே துணையாக இருந்தன. இன்று நிலைமை வேறு. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் ஆகிய இடங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களானாலும், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயா வட்டாரமானாலும், வடக்கே களும்பாங் வரையுள்ள குடியிருப்புகளானாலும், வீடுகளின் முன்னே புரோட்டோன் சாகாவும், பெரோடுவா கஞ்சிலும், மைவியும் நிற்பதைக் காண்கிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு செல்வதும், நோயுற்றவரைத் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், தைப்பூசத்தின்போது குடும்பத்தோடு பத்துமலைக்குப் புறப்படுவதும் இந்தக் கார்களில்தான். தோட்டத்தில் வாழ்பவருக்குக் கார் ஆடம்பரப் பொருளன்று. அது கால்களைப் போன்றது.

இக்கார்களுள் பல, பிறர் பல்லாண்டுகள் ஓட்டிய பின்னர் நம் கைக்கு வந்தவை. அவை ஓடும் பாதையோ செம்மண்ணும் கல்லும் நிறைந்தது. செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரிகள் அப்பாதையிற் பள்ளம் பறித்துவிடுகின்றன. மழைக்காலத்தில் அப்பள்ளங்களில் நீர் தேங்கி ஆழம் தெரியாமற் போகிறது. இத்தகைய பாதையில் நாள்தோறும் அடிபடுவது காரின் முன்பகுதியே. அதனால்தான் அந்த ஓசை நம் தோட்டங்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது.

அவ்வோசை கேட்டால் நம்மவர் செய்வது என்ன? சிலர் வானொலியின் ஒலியைக் கூட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கின்றனர். வேறு சிலர், யாரோ ஒருவர் சொன்னதை நம்பி ஏதோ ஓர் உறுப்பை மாற்றிவிடுகின்றனர். தோட்டமொன்றில் நாம் கேட்ட செய்தி இது. அன்பர் ஒருவர் தமது காரின் இரு முன் அப்சார்பர்களையும் புதிதாக மாற்றினார். பல மாதச் சேமிப்பு அதற்காகச் செலவாயிற்று. பட்டறையிலிருந்து வெளியேறிய முதல் வளைவிலேயே பழைய ஓசை மீண்டும் கேட்டது. பின்னர் வேறொருவர் பார்த்தபொழுது, தேய்ந்திருந்தது ஸ்டெபிலைசர் லிங்க் என்னும் விரல் பருமனுள்ள சிறு கம்பி எனத் தெரிந்தது. அப்சார்பருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்குகூட அதற்குத் தேவைப்படவில்லை.

இது பண இழப்போடு முடிந்த கதை. இதனினும் கொடியது ஒன்றுண்டு. முன்சக்கரத்தின் ஓசைகளுட் பெரும்பாலானவை பணத்தை மட்டுமே கேட்பவை. ஆனால் அவற்றுள் ஒன்றிரண்டு உயிரையே கேட்பவை. இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் கருத்து. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் அறிந்த பின்னரே செயற்பட வேண்டும் என்று மருத்துவருக்கு அறிவுறுத்துகிறார். உடலுக்குரைத்த இந்த நெறி காருக்கும் முற்றிலும் பொருந்தும்.

முன்சக்கரத்தின் இரட்டை வேலை

நோயை அறிய உடலின் அமைப்பைச் சிறிதேனும் அறிய வேண்டும். முற்காலத்தில் துரைமார் ஓட்டிய மோரிஸ் மைனர் போன்ற கார்களில் இயந்திரம் முன்னே இருப்பினும், அதன் விசை நீண்ட தண்டு ஒன்றின் வழியாகப் பின்சக்கரங்களுக்கே சென்றது. முன்சக்கரங்கள் திரும்புவதை மட்டும் செய்தன. தள்ளும் வேலை பின்சக்கரங்களுடையது.

1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மினி என்னும் சிறிய கார், முன்சக்கரங்களே இழுத்துச் செல்லும் முறையைப் பொதுமக்களிடையே பரப்பியது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் வெளியிடப்பெற்ற புரோட்டோன் சாகாவும் அம்முறையில் அமைந்ததே. 1994ஆம் ஆண்டில் வெளிவந்த கஞ்சிலும், 2005ஆம் ஆண்டில் வந்த மைவியும் அவ்வாறே. இவற்றுட் பின்னிரண்டும் ரவாங்கை அடுத்த சுங்கை சோவிலுள்ள பெரோடுவா தொழிற்சாலையில் உருவானவை. நமது வட சிலாங்கூர் மண்ணிலேயே பிறந்த கார்கள் என்று அவற்றைக் கூறலாம்.

இக்கார்களில் முன்சக்கரங்கள் ஒரே நேரத்தில் இரு வேலைகளைச் செய்கின்றன. காரை இழுக்க வேண்டும். இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். சுழன்றுகொண்டே வளைய வேண்டிய அந்த இடத்தில் ஒரு மூட்டு தேவை. 1920களில் செப்பா என்னும் பொறியாளர் இதற்கென ஒரு மூட்டினை அமைத்தார். கிண்ணம் போன்ற இரும்பு உறைக்குள் ஆறு எஃகு உருண்டைகள் பள்ளங்களில் ஓடுமாறு செய்தது அந்த அமைப்பு. சக்கரம் எவ்வளவு வளைந்தாலும் சுழற்சி ஒரே சீராகச் செல்ல அவ்வுருண்டைகள் உதவுகின்றன. பட்டறைகளில் 'சிவி ஜாயிண்ட்' எனப்படுவது இதுவே. இயந்திரப் பக்கத்தில் உள்மூட்டு ஒன்றும், சக்கரப் பக்கத்தில் வெளிமூட்டு ஒன்றும் உண்டு. இவ்விரண்டையும் இணைக்கும் தண்டுதான் டிரைவ் ஷாப்ட்.

இதனை விடுத்து, முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் வேறு சில உறுப்புகளும் உள்ளன. கீழே கை போல நீண்டு சக்கரத்தைத் தாங்குவது லோவர் ஆர்ம். அக்கையின் நுனியில் தோள்மூட்டுப் போல அமைந்திருப்பது பால் ஜாயிண்ட். அதன் அடிப்பாகத்தில் இருப்பவை புஷ் எனப்படும் ரப்பர் உருளைகள். மேலே அதிர்ச்சியைத் தாங்குவன சுருள்வில்லும் அப்சார்பரும். அவற்றின் உச்சியில் உள்ளது மவுண்டிங். ஸ்டீரிங்கின் ஆணையைச் சக்கரத்திற்குக் கொண்டுவருவது டை ரோட். வளைவுகளிற் கார் சாயாதவாறு இரு பக்கங்களையும் பிணைப்பது ஸ்டெபிலைசர் கம்பியும் அதன் லிங்க்கும். இவற்றுள் எது தேய்ந்தாலும் ஓசை எழும். ஆனால் எல்லா ஓசையும் ஒன்றல்ல.

எளியதை முதலிற் பார்க்க வேண்டும்

பட்டறைக்குச் செல்லுமுன் காசு செலவில்லாத இரு சோதனைகளைச் செய்தல் வேண்டும்.

முதலாவது, காரின் பின்பெட்டியைக் காலி செய்யுங்கள். மாற்றுச் சக்கரம், ஜாக்கி, ஸ்பானர், எரிவாயுத் தோம்பு, ஏன், பழைய சாமான் நிறைந்த ஒரு வாளிகூட வளைவிற் புரண்டு 'டொக்' என இடிக்கலாம். யாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

இரண்டாவது, சக்கரத்து நட்டுகளைச் சோதியுங்கள். அண்மையில் டயர் மாற்றியிருந்தால் இது மிகவும் இன்றியமையாதது. தளர்ந்த நட்டுகளோடு ஓடும் சக்கரம் திரும்பும்பொழுது இடிக்கும். கவனியாது விட்டால் கழன்றே போகும். நட்டுகளை வரிசையாக முடுக்காமல், ஒன்றை விட்டு அதற்கு எதிரிலுள்ளதை முடுக்க வேண்டும். சிறிய கார்களுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முடுக்கம் போதும். சரியான அளவு காரின் கையேட்டில் உள்ளது. ஸ்பானரின் மீது ஏறி மிதித்து முடுக்குவது தவறு. உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், மேலோட்டமாகச் சென்றால் பால் வராது என்பது பால்வெட்டும் கைகளுக்கு நன்கு தெரியும். நட்டு முடுக்குவதும் அத்தகைய அளவறிந்த வேலையே. டயர் மாற்றியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

ஓசையின் இனம் அறிதல்

இவ்விரண்டிலும் குறை இல்லையெனில், காலியாக உள்ள பெரட்டுக் களத்திற்கோ திடலுக்கோ காரைக் கொண்டு செல்லுங்கள். பிள்ளைகள் எவரும் அருகில் இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிகளை இறக்கி, வானொலியை அணைத்துவிட்டு, பின்வரும் ஓசைகளுள் எது கேட்கிறது எனக் கவனியுங்கள்.

ஒன்று: ஸ்டீரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி, மெதுவாக வட்டமிட்டுக்கொண்டே சிறிது எண்ணெய் கொடுக்கும்பொழுது 'டக் டக் டக்' என்று அடுக்கடுக்காக எழும் ஓசை. கார் விரைந்தால் ஓசையும் விரையும். கார் நின்றால் ஓசையும் நிற்கும். இது வெளிமூட்டாகிய சிவி ஜாயிண்ட் தேய்ந்ததன் அடையாளம். இடப்புறம் திரும்பும்பொழுது கேட்டால் பெரும்பாலும் வலப்புற மூட்டிலும், வலப்புறம் திரும்பும்பொழுது கேட்டால் இடப்புற மூட்டிலும் குறை இருக்கும். எனினும் இரண்டையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு: கார் நின்ற நிலையில் ஸ்டீரிங்கைத் திருப்பும்பொழுது, சுருள்வில் முறுக்கிக்கொண்டு விடுபடுவது போல 'டங்' என்று எழும் ஓசை. இது அப்சார்பரின் உச்சியிலுள்ள மவுண்டிங் அல்லது அதனுள்ளிருக்கும் பேரிங் பழுதானதைக் குறிக்கும். ஒருவர் ஸ்டீரிங்கைத் திருப்ப, மற்றொருவர் முன்மூடியைத் திறந்து அருகே நின்று கேட்டால் ஓசை எழும் இடம் விளங்கும். சுருள்வில்லின் இடையில் விரலை ஒருபோதும் நுழைக்கலாகாது.

மூன்று: செம்மண் பாதையிற் சிறு குழிகளைக் கடக்கும்பொழுதும், வளைவில் ஒரு சக்கரம் ஏறி இறங்கும்பொழுதும் 'கடகட' என்று இலேசாகக் கேட்கும் ஓசை. இது பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது அதன் ரப்பர் தேய்ந்ததால் வருவது. முன்னர்க் கூறிய அன்பருடைய காரின் நோய் இதுவே. அவர் அப்சார்பரை மாற்றுமுன் லிங்க்கைக் கையாற் பிடித்து அசைத்துப் பார்த்திருந்தால் போதுமானது.

நான்கு: வளைவில் நுழையும்பொழுதோ, பிரேக் பிடிக்கும்பொழுதோ, பள்ளத்தில் இறங்கும்பொழுதோ 'டொக்' என்று கனமாக ஒரேமுறை இடிக்கும் ஓசை. அதனோடு கார் ஒரு பக்கம் இழுப்பதும், ஸ்டீரிங் தள்ளாடுவதும் சேர்ந்திருக்கலாம். இது லோவர் ஆர்மின் புஷ், பால் ஜாயிண்ட், அல்லது டை ரோட் நுனி ஆகியவற்றுள் ஒன்று தேய்ந்ததைக் காட்டும். அன்பர்களே, உயிரைக் கேட்கும் ஓசை என்று நாம் கூறியது இதனையே. பால் ஜாயிண்ட் முற்றும் தேய்ந்து கழன்றால் சக்கரம் காரின் அடியில் மடிந்துவிடும். டை ரோட் நுனி கழன்றால் சக்கரம் ஸ்டீரிங்கின் ஆணைக்கு அடங்காது. கிள்ளான் பக்கமிருந்து கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாகச் சபா பெர்ணம் செல்லும் கடற்கரைச் சாலையில், எதிரே கனத்த லாரி வரும் வேளையில் அவ்வாறு நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கியர் மாற்றும்பொழுது மட்டும் 'டொக்' என்று ஒருமுறை கேட்டால், இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டிங்கையோ உள்மூட்டையோ சந்தேகிக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்பொழுது மட்டும் கேட்டால் பிரேக்கின் உறுப்புகள் தளர்ந்திருக்கலாம். அதனையும் தாமதியாது காட்டுதல் வேண்டும்.

கையாற் செய்யும் சோதனை

ஓசையின் இனத்தைக் காது கூறியபின், கையால் அதனை உறுதி செய்யலாம். இதற்குச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. தோட்டத்து மண் மென்மையானது. மழைக்குப்பின் ஜாக்கி மண்ணிற் புதைந்து சாய்ந்துவிடும். ஆகவே கெட்டியான சமதரையைத் தேர்ந்து, ஜாக்கியின் அடியில் அகன்ற கனமான பலகையை வைக்க வேண்டும். கைப் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அண்டக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் உடலின் எப்பகுதியையும் நுழைக்கலாகாது. உறுதியான இரும்புத் தாங்கிகளைப் பொருத்த வேண்டும். செங்கற்களை அடுக்கி அவற்றின் மேற் காரை நிறுத்துவது பெருந்தவறு. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும்.

தூக்கிய சக்கரத்தைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். மணி 12, மணி 6 என்னும் இடங்களில், அதாவது மேலும் கீழும் இரு கைகளாற் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பெரும்பாலும் சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருக்கும். அப்பொழுதும் ஆட்டம் நீடித்தால் பால் ஜாயிண்ட்டைப் பார்க்க வேண்டும். அடுத்து மணி 9, மணி 3 என்னும் பக்கவாட்டு இடங்களிற் பிடித்து அசையுங்கள். இங்கு ஆட்டம் தெரிந்தால் டை ரோட் நுனியோ, ஸ்டீரிங் ரேக்கின் நுனியோ தேய்ந்திருக்கக்கூடும். கை வைத்து அசைத்தவுடனே ஆட்டம் தெளிவாகத் தெரிந்தால், அந்தக் காரை மேலும் ஓட்ட வேண்டாம். பட்டறைக்காரரை வீட்டுக்கு அழையுங்கள். அல்லது காரை ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள். கைக்கு ஆட்டம் தெரியவில்லை என்பதால் மட்டும் குறையில்லை என்று முடிவு செய்துவிடவும் கூடாது. கனத்த ஓசை நீடித்தால் பட்டறையில் கம்பி கொண்டு நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்காமலே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. அது எல்லாவற்றினும் பயனுள்ளது. ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பி நிறுத்திவிட்டு, இயந்திரத்தை அணைத்து, கைப் பிரேக்கை இழுத்தபின், சக்கரத்தின் பின்புறம் குனிந்து பாருங்கள். மடிப்பு மடிப்பாக விரிந்த கறுப்பு உறை ஒன்று தெரியும். சிவி ஜாயிண்ட்டை மூடியுள்ள அவ்வுறைக்குப் பூட் என்று பெயர். அதன் மடிப்புகளில் வெடிப்பு உள்ளதா, சக்கரத்தின் உட்பக்கத்திற் கறுத்த கிரீஸ் தெறித்துள்ளதா என்று கவனியுங்கள். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மணலும் சேறும் உள்ளே புகும். பின்னர் அவ்வாறு எஃகு உருண்டைகளும் தம்மைத் தாமே அரைத்துக்கொள்ளும். சிலாங்கூரில் 2021 டிசம்பரில் நேர்ந்தது போன்ற வெள்ளத்திற் கார் நனைந்திருந்தால், நீர் வடிந்த உடனே பூட்டைப் பார்ப்பது கட்டாயம்.

பழுது நீக்கும் முறை

பூட் கிழிந்திருக்கிறது, ஆனால் ஓசை இன்னும் எழவில்லை என்றால் நீங்கள் நல்ல வேளையில் விழித்துக்கொண்டீர்கள். மூட்டைக் கழற்றிக் கழுவி, அதற்குரிய புதிய கிரீஸை நிரப்பி, புதிய பூட்டையும் அதன் கட்டு வளையங்களையும் பொருத்தினால் போதும். ஓசை எழுந்துவிட்டால் கிரீஸ் பூசிப் பயனில்லை. தேய்ந்த எஃகை எந்தக் கிரீஸும் வளர்த்துத் தராது. அப்பொழுது மூட்டையோ, தண்டு முழுவதையுமோ மாற்றியாக வேண்டும். தண்டினைக் கழற்றும்பொழுது கியர்ப் பெட்டியிலிருந்து எண்ணெய் சிறிது வெளியேறும். வேலை முடிந்தபின் அதன் அளவைச் சரிபார்த்து நிரப்புமாறு பட்டறைக்காரரிடம் மறவாமற் கூறுங்கள்.

லோவர் ஆர்மின் புஷ்ஷை மாற்றும்பொழுது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கார் தூக்கப்பட்டுச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கையில் அதன் போல்ட்டுகளை இறுதியாக முடுக்கிவிட்டால், காரை இறக்கியதும் உள்ளிருக்கும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றுவிடும். அத்தகைய ரப்பர் விரைவிற் கிழியும். காரின் எடை சக்கரங்களின்மேல் இருக்கும் நிலையிற்றான் இறுதி முடுக்கம் செய்ய வேண்டும். பால் ஜாயிண்ட் சில கார்களில் தனியாக மாற்றக்கூடியது. சிலவற்றில் லோவர் ஆர்மோடு சேர்த்தே மாற்றப்படும். லோவர் ஆர்ம், டை ரோட் ஆகியவற்றைத் தொட்ட பின்னர்ச் சக்கரங்களின் நேர்த்தியைக் கருவி கொண்டு சரிபார்த்தல் வேண்டும். இல்லாவிடில் புது டயரும் ஓரம் தேய்ந்து வீணாகும்.

மவுண்டிங்கை மாற்றுவதற்குச் சுருள்வில்லை அழுத்திப் பிடிக்கும் தனிக் கருவி தேவை. அழுத்தப்பட்ட வில் நழுவினால் ஆளையே அடித்து வீழ்த்தும். இதனை வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகக் கூறுகிறோம்.

நாம் அறிந்த ரப்பர்

நாள்தோறும் பால்மரத்தோடு பழகும் உங்களுக்கு இங்கே ஒரு செய்தி. ஆயிரமாயிரம் முறை வளைந்தும் நெளிந்தும் சலியாதிருக்கும் ஆற்றல் பால்மரத்து ரப்பருக்கு உண்டு. அதனால் காரின் புஷ்களும், இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டிங்குகளும் பெரும்பாலும் இயற்கை ரப்பரைக் கொண்டே செய்யப்படுகின்றன. நீங்கள் மங்கில் ஏந்திய பால் எங்கோ ஒரு காரின் அடியில் அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் இயற்கை ரப்பருக்கு ஒரு பகை உண்டு, அதுதான் எண்ணெய். ஐயமிருந்தால் காய்ந்த ரப்பர்த் துண்டு ஒன்றை ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயில், நெருப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில், ஓர் இரவு ஊறவைத்துப் பாருங்கள். காலையில் அது ஊதிப் பருத்து வலுவிழந்து கிடக்கும். கிரீஸுக்குள்ளேயே வாழ வேண்டிய பூட் செயற்கை ரப்பராலோ பிளாஸ்டிக் வகையாலோ செய்யப்படுவதன் காரணம் இதுவே.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் யாது? காரின் அடியிற் கீச்சொலி கேட்டால், டீசலையோ பழைய இயந்திர எண்ணெயையோ புஷ்களின்மேல் தெளிக்கும் வழக்கம் சிலரிடம் உள்ளது. ஓசை இரண்டு நாளைக்கு அடங்கும். ஆனால் ரப்பர் ஊறிக் கெட்டு, பின்னர் முன்னைவிடப் பெரிதாக இடிக்கும். இவ்வழக்கத்தை இன்றே கைவிடுங்கள். எண்ணெய் ஒழுகி ரப்பரின்மேற் சொட்டுவதையும் அனுமதியாதீர்கள்.

பட்டறையில் நம் கடமை

பட்டறைக்காரரிடம் சென்று 'ஓசை கேட்கிறது, பாருங்கள்' என்று மட்டும் கூறுவது, மருத்துவரிடம் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்வதற்கு ஒப்பாகும். எப்பொழுது கேட்கிறது, எப்பக்கம் திரும்பும்பொழுது, நின்றபடியா ஓடும்பொழுதா, ஒருமுறையா அடுக்கடுக்காகவா என்று விளக்குங்கள். அவரை அருகில் அமர்த்தி ஓட்டிக் காட்டுங்கள். எந்த உறுப்பு தேய்ந்தது என்பதைக் கண்ணாற் காட்டச் சொல்லுங்கள். செலவு எவ்வளவு என்பதை வேலை தொடங்குமுன் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். நல்ல பட்டறைக்காரர் இவற்றுக்கு வருந்தமாட்டார். தம் வேலையை மதிப்பவர் வந்துள்ளார் என்றே மகிழ்வார். பழைய கார்களிலிருந்து கழற்றிய உறுப்புகளை வாங்குவோர், டிரைவ் ஷாப்ட்டைக் கையால் வளைத்துச் சுழற்றி ஆட்டமும் கரகரப்பும் இல்லை என்பதைக் கண்டறிய வேண்டும். ஆனால் பால் ஜாயிண்ட்டையும் டை ரோட் நுனியையும் மட்டும் பழையதாக வாங்கலாகாது. அங்கே செய்யும் சிக்கனம் சிக்கனமாகாது.

ஓட்டும் முறையும் காரின் ஆயுளைக் கூட்டும். ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பிய நிலையில் எண்ணெயை அழுத்தி மிதியாதீர்கள். நின்ற காரின் சக்கரங்களைத் தரையில் தேய்த்துத் திருப்பாமல், சிறிது நகரவிட்டுத் திருப்புங்கள். பள்ளம் கண்டால் முன்னரே வேகத்தைக் குறைத்து, சக்கரம் பள்ளத்தில் இறங்கும் நொடியிற் பிரேக்கை விட்டுவிடுங்கள்.

முடிவாக, இவ்வுரையின் சாரத்தை மூன்று கட்டளைகளாக மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். நட்டு தளர்ந்திருந்தாலோ, சக்கரத்தை அசைக்கும்பொழுது ஆட்டம் தெரிந்தாலோ, கனத்த 'டொக்'கோடு ஸ்டீரிங் தள்ளாடினாலோ, அன்றே காரை நிறுத்துங்கள்; பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள். 'டக் டக் டக்' என்னும் அடுக்கோசையும், மவுண்டிங்கின் 'டங்' ஓசையும் கேட்டால், தொலைதூரப் பயணத்தைத் தவிர்த்து அவ்வாரமே பட்டறைக்குச் செல்லுங்கள். லிங்க்கின் 'கடகட' ஓசையானால், அடுத்த சம்பளம் வரை பொறுத்து, அதனை மறவாமல் மாற்றுங்கள். ஓசை ஒன்றுமே இல்லையெனினும், மாதம் ஒருமுறை காரைக் கழுவும் நாளிற் குனிந்து பூட்டைப் பாருங்கள்.

பட்டை கெட்டுப்போகுமுன் மரத்தைக் காக்க வேண்டும் என்பதை அறிந்த மக்கள் நீங்கள். அதே கண்ணோடும் அதே பொறுமையோடும் உங்கள் வாசலில் நிற்கும் காரையும் காத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறோம்.